மிச்சமிருந்த ஃபோம்

சித்தே இந்தப் பக்கமா நகந்து உக்காருங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, அந்த ஜன்னலோரத்தை எனக்கு விட்டுருங்க. அங்க இல்லீனா எனக்குக் குமட்டும். பஸ்ஸு காங்கயம் போய்ச் சேர்றதுக்குள்ள உங்க வேட்டி சட்டையெல்லாம் நாசமாயிரும், அப்பறம் என்னையத்தான் வைவீங்க. ம், இப்பச் சரி. புண்ணியமாப் போகும்.

நான் ரிக் வண்டி டிரைவருங்க. திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடற வண்டி தெரியுமில்ல, அதுதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒரிசான்னு நான் போகாத காடு இல்ல. டிரைவருக்குக் குமட்டுமான்னு கேக்காதீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஸ்டியரிங்கு கையில இருந்தா காஷ்மீரம் வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. சும்மா உக்காந்து போனாத்தான் வவுத்தைப் பெரட்டும். என்ற ஒடம்பு அப்பிடி.

இப்ப எங்க போறேன்னா, மச்சான் ஊட்டுக்கு. என்ற ஊட்டுக்காரியைக் கூட்டியாறதுக்கு. சந்தோசமாப் போறேன்னு நெனைக்காதீங்க. பத்திக்கிட்டுத்தான் போறேன். அவ ஒரு சண்டை புடிக்கலை, சத்தம் போடலை. பையை எடுத்தா, அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. நான் குடிச்சுப்போட்டு வந்து கை நீட்டியிருந்தா ஒரு ஞாயம் இருக்குது. நான் என்னுங்க பண்ணுனேன்? அவ வேகாம வேர்க்காம ஊர் சுத்திப் பாக்கோணும்னு ஒரு வேனுக்கு ஃபோம் அடிச்சேன். அதுக்குப் போயிட்டா. வெளிய சொன்னாச் சிரிப்பாங்க.

மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் தப்பு யாரு மேலன்னு உங்களுக்கே தெரியும்.

கல்யாணம் ஆன புதுசுலயே அவகிட்டச் சொல்லிப்போட்டேன், பூவாத்தா, நான் பாத்த ஊரையெல்லாம் உனக்கு ஒரு நாளைக்குக் காட்டறேன்னு. பூவாத்தாதான் அவ பேரு. சொன்னதை நான் மறக்கலை. ஆனா எங்க நேரம்? வருசம் முச்சூடும் ரிக்கோட வெளிய கெடப்பேன். நோம்பி பண்டிகைன்னு ஊருக்கு வந்தா தோட்டத்து வேலை, சொந்தக்காரங்க கல்யாணம். அதுல மக பொறந்து, அவ படிச்சு, அவளைக் கட்டிக்குடுத்து, காலம் ஓடிப்போச்சு. கடைசியில முட்டி ரெண்டும் போனப்பறம் ரிக்கை விட்டு எறங்குனேன். எறங்குன கையோட ஒரு பழைய மெட்டடோர் வேனை வாங்குனேன்.

அந்தக் காலத்துல கல்யாணப் பார்ட்டி ஏத்தறதுக்கு ஓடுமில்ல, அந்த வேனுதான். ஒரு மண்டபத்துக்குப் பின்னால சீந்துவாரில்லாம நின்னுட்டு இருந்துச்சு. எஞ்சினை எறக்கி நானே சரி பண்ணுனேன். உள்ள சீட்டையெல்லாம் கழட்டிப்போட்டு, ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணி டேங்கு, பாத்திரம் வைக்க அலமாரி. வெள்ளைக்காரன் பண்ணுவான்ல, வண்டியே ஊடு, அப்பிடி. ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு மேல போய்க்கிட்டே இருக்கறது. எங்க புடிக்குதோ அங்க நிறுத்தி, சோறாக்கித் தின்னுட்டுப் படுத்துக்கறது.

அவ நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. அது அவ கொணம். ஆனா மத்தியானம் சாப்பாட்டு வேலை முடிஞ்சா வேனுக்குள்ள ஏறி உக்காந்துக்குவா. பக்கத்துக்கு மூணு ஜன்னல், தள்ளித் திறக்கற கண்ணாடி. இடது பக்கம் கடைசி ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, வெளிய பாத்துக்கிட்டே இருப்பா. வெளிய என்ன இருக்குது? எங்க வீதிதான். எதுத்தாப்பல பஞ்சர் கடை, நாலு ஆடு, தண்ணிக் குழாய். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பாத்த வீதி. பொறுக்காம ஒரு நாள் கேட்டுப்போட்டேன், நிக்கற வண்டியில உக்காந்து அப்பிடி என்னத்தை அம்முணி பாக்கறேன்னு.

"ஜன்னலோரம் உக்காந்தா ஓடறாப்பலயே இருக்குதுங்க மாமா"ன்னா.

இதுக்கு என்ன சொல்றது? வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதுங்களா, ஓடறது எது நிக்கறது எதுன்னு. சரி, வேலை அலுப்புக்கு ஒதுங்கி உக்காந்துக்கறான்னு விட்டுட்டேன். இன்னொண்ணு கேளுங்க. அந்தக் கண்ணாடி பூரா பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு. நெத்தியில இருந்து எடுத்து எடுத்து அங்க ஒட்டி வெச்சிருக்கறா. ஊட்டுல நெலைக்கண்ணாடி இருக்குது, பாத்ரூமுல கண்ணாடி இருக்குது, அங்கெல்லாம் ஒட்டக் கூடாதா? நான் பாடுபட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுன கண்ணாடி. நகத்துல சொரண்டுனாலும் பசை போகலை.

இதுக்குள்ள சித்திரை பொறந்துருச்சு. ஒரு நா மத்தியானம் வேன்ல இருந்து எறங்கி வாறா, ஜாக்கெட்டெல்லாம் தொப்பலா நனைஞ்சு, மூஞ்சி செவந்து போய், திண்டாடிக்கிட்டு வாறா. நான் உள்ள ஏறி மேல் தகரத்தைத் தொட்டுப் பாத்தேன். கையை வைக்க முடியலை. எனக்கு மனசு கேக்கலைங்க. தகரத்துக்குள்ள படுக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். ராஜஸ்தான்ல கேபினுக்குள்ள படுக்க மாட்டாம வண்டிக்கு அடியில, ஆயில் ஒழுகற எடத்துல படுத்து எந்திரிச்சவன் நானு. என்ற பொண்டாட்டி அப்பிடிக் கெடக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இதுல எங்கீங்க தப்பு இருக்குது?

அந்த நேரம் பாத்து மச்சான் வந்தாரு. நாச்சிமுத்து மச்சான், அவளுக்கு மூத்தவரு. காங்கயத்துல தேங்காய்க் களம் போட்டிருக்கறாரு, கொப்பரை காயப்போடறது. ஊர்ல எந்தச் சிக்கலா இருந்தாலும் அவருக்கு அதுக்குத் தேங்காய்லதான் மருந்து. வேனைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. நார் அனுப்பறேன் மாப்ள, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவால அடைச்சா சூடே எறங்காதுன்னாரு. நான் வேண்டாம்னேன். அவரு நாரைக் குடுத்துப்போட்டு, சாகற வரைக்கும் என்ற நாருலதான ஓடுது மாப்ள வண்டின்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. எனக்குத் தேவையா அது? அவருக்குக் கல்யாணத்துல இருந்தே நான் ஊரு ஊராத் திரியறவன். களத்துல உக்காந்த எடத்துல காசு பாக்கறவருக்கு எங்க பொழப்பு எளக்காரம்.

நான் வீடியோ பாத்துக் கண்டுபுடிச்சேன். ஒரு வெள்ளைக்காரன், கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு, பழைய வேனுக்குள்ள பைப்பைப் புடிச்சு அடிக்கறான். ரெண்டு சிலிண்டரு, ரெண்டு பைப்பு, நுனியில துப்பாக்கி மாதிரி ஒண்ணு. அழுத்துனா தயிராட்ட வந்து விழுகுது, பாத்துட்டு இருக்கையிலயே உப்பி, கெட்டியாகி நின்னுக்குது. மெத்தையாட்ட. அவன் பேசறது எனக்குப் புரியலை. கை புரியுதில்ல, போதாதா? மச்சானுக்கும் போன்ல அனுப்பி வெச்சேன். மாப்ள, அவனுக்கு வெளிய பனி பேயுது, குளிருக்கில்ல பண்றான்னு சொல்லிச் சிரிச்சாரு. களத்து ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டு வேற காட்டுனாராம். குளிரை உள்ள விடாதது சூட்டை மட்டும் விட்டுருமா? நான் சொன்னதுதான் சரி. இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

ஆன்லைன்ல சொல்லி அதையே வரவெச்சேன். கண்ணாடி வழியாத்தான் பாதிச் சூடு உள்ள வருதுன்னு தகர வேலை பாக்கற டிங்கர் சொன்னான். ஜன்னலுக்கெல்லாம் தகரம் வெச்சு அடைச்சுப்போடலாம்னு முடிவாச்சு. அப்பத்தான் பூவாத்தா வாயைத் திறந்தா. இடது பக்கம் கடைசி ஜன்னலை மட்டும் உட்ருங்க மாமா, நான் வேற ஒண்ணுங் கேக்கலைன்னா. நானும் சரின்னேன். சரின்னுதாங்க சொன்னேன். அந்த ஒண்ணை அடைக்காம அஞ்சைத்தான் அடைச்சேன். அதை இப்ப யாரு நெனைச்சுப் பாக்கறா?

ஃபோம் அடிக்கறதுக்கு நல்ல வெள்ளிக்கிழமையாப் பாத்தேன். எங்க தொழில்ல ராகு காலத்துல தொளை போடற பிட்டை மண்ணுல எறக்க மாட்டோம். எறக்குனா ராடு உள்ள மாட்டிக்கும். நான் கண்ணால பாத்திருக்கறேன். அதனால நல்ல நேரம் பொறந்ததும் சிலிண்டருக்குப் பொட்டு வெச்சு, தேங்காய் ஒடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பிச்சேன். ராகு காலத்துக்குள்ள முடிக்கோணும். ஆரம்பிக்கறதுதான் நல்ல நேரத்துல இருக்கோணும், முடிக்கறதுக்கு என்னன்னு கேப்பீங்க. அரைகுறையா நிக்கற வேலை ராகு காலத்துல மாட்டுனா அதுவும் ராகு காலத்து வேலைதான். பூவாத்தா கோயிலுக்குப் போயிருந்தா. அவ போனதும் நிம்மதின்னு மழைக்கோட்டை மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, உள்ள எறங்குனேன்.

அந்தத் துப்பாக்கியில ஒரு கெரகம் என்னன்னா, நடுவால நிறுத்தக் கூடாது. சித்தே நிறுத்தி மூச்சு விட்டீங்கன்னா மூக்கு அடைச்சுக்கும். புடிச்சா புடிச்சபடி அடிச்சுக்கிட்டே இருக்கோணும். அட்டையில என்னமோ எழுதியிருந்துச்சாம், ஒரு விரக்கடை கனம் அடி, ஆறட்டும், மறுக்கா அடின்னு. மக அப்பறமேலுக்குப் படிச்சுச் சொன்னா. இங்கிலீசுல எழுதி வெச்சா எனக்கெப்பிடித் தெரியும்? எழுதுன கம்பெனிக்காரனைக் கேக்க ஆளில்லை, என்னையக் கேக்கறாங்க. நான் ஒரே போடா அடிச்சேன். கூரை, ரெண்டு பக்கம், பின் கதவு. உப்புதுங்க, உப்புது, நிறுத்தறதா இல்ல. அலமாரிக் கதவை மூடிருச்சு. பின் கதவுல கீலுக்குள்ள பூந்து, கதவே இன்னி வரைக்கும் திறக்கலை. டிரைவர் சீட்டைத் தாண்டித்தான் உள்ள போகோணும். போனாப் போகுது. உள்ள எப்பிடி இருக்குது தெரியுங்களா? சில்லுனு இருக்குது. வெளிய அனலா வீசுது, உள்ள மொட்டை வெயில்ல கூட வேர்க்காது. அதை ஒருத்தன் சொல்ல மாட்டேங்கறான்.

எல்லாம் அடிச்சு முடிச்சேன். பாத்தா சிலிண்டர்ல மிச்சம் இருக்குது. ராகு காலம் வேற நெருங்குது. நிறுத்துனா மூக்கு அடைச்சுக்கும், வெச்சு நாளைக்கு அடிக்கவும் முடியாது. அத்தனை செலவு பண்ணி வாங்குன சாமானை வீதியிலயா ஊத்தறது? சுத்திப் பாத்தேன், அடிக்காத எடம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஜன்னல். அடிச்சுப்போட்டேன்.

என்னுங்க அப்பிடிப் பாக்கறீங்க? மிச்சம் இருந்துச்சு, அடிச்சேன். வேணும்னா அடிச்சேன்? வீணாப் போகக் கூடாதுன்னு அடிச்சேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஹெல்மெட்டைக் கழட்டறேன், அவ கோயில்ல இருந்து வந்து டிரைவர் சீட்டுப் பக்கம் நிக்கறா. கையில விபூதி மடிச்ச காயிதம். சீட்டைத் தாண்டி உள்ள வந்தா. மேல பாக்கலை, கீழ பாக்கலை, நேரா அந்த எடத்துக்குப் போனா. பொட்டு, கண்ணாடி எதுவும் தெரியலை. மஞ்சளா உப்பி நிக்குது. அதையே பாத்துட்டு இருந்தா.

"இதையுமா மாமா?"ன்னா.

நான் சந்தோசமாத்தாங்க சொன்னேன், ஆமா அம்முணி, ஒரு எடம் பாக்கியில்லைன்னு. அவ கையைக் கொண்டுபோயி அது மேல வெச்சா. ஃபோம் அப்பத்தான் அடிச்சது, காயலை. தொடாதே தொடாதேங்கறேன், உள்ளங்கையை முழுசா வெச்சு அழுத்தறா. எடுக்கையில ஒட்டிக்கிட்டு வருது. அந்தப் பசை சோப்புக்குப் போகாது, எண்ணைக்குப் போகாது, தோலோட உரிஞ்சாத்தான் உண்டு. கை பூரா மஞ்சளு. ஃபோமுல அஞ்சு விரலும் அச்சாப் பதிஞ்சு போச்சு. அத்தனை பாடுபட்டு அடிச்சிருக்கறேன், ஒரு குழியைப் பண்ணி வெச்சுட்டா. எனக்குக் கோவம் வருமா வராதா? வந்துச்சு. நாலு வார்த்தை சத்தம் போட்டேன். மறு நா காலையில அந்தக் கையோடதான் பஸ் ஏறிட்டா. அவ தனியா பஸ் ஏறுனது எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொதத் தடவை.

நான் என்ன நெனைச்சேன், ஃபோம் வாசனை ஒத்துக்கலை, ரெண்டு நா இருந்துட்டு வருவான்னு. வரலை. போன் பண்ணுனா மச்சான்தான் எடுக்கறாரு. இருக்கட்டும் மாப்ள, இங்க களத்துல காத்தோட்டமா உக்காந்திருக்குதுங்கறாரு. அவருதான் அவ மனசைக் கெடுக்கறாரு, எனக்குத் தெரியாதா? நாரு வேண்டாம்னு சொன்ன கோவம் அவருக்கு. அவளைக் குடுங்கன்னா குடுக்கறாரு. அவ, சாப்பிட்டீங்களா மாமாங்கறா. எப்ப வாறேன்னு கேட்டா, பாக்கலாங்கறா. என்னத்தைப் பாக்கறது? பாக்கறதுக்குத்தானே வண்டி பண்ணி வெச்சிருக்கறேன். ராமேஸ்வரம் பாக்கலாம், காசி பாக்கலாம், வா.

சரின்னு நானே எறங்கி வந்தேன். நான் எறங்கி வர்ற ஆளே இல்லீங்க, ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா ஊட்டுல ஒரு ஆளு சத்தம் இல்லீன்னா சோறு எறங்க மாட்டேங்குது. நான் ரிக்குல வருசக் கணக்காத் தனியாக் கெடந்தவன், அப்பெல்லாம் ஒண்ணும் தெரியலை. இப்ப தெரியுது. அந்த ஜன்னல்தானே அவளுக்குக் கொறைன்னு ரோசனை பண்ணுனேன். கத்தியில அந்தக் கை அச்சு இருந்த எடத்தைச் சீவித் தட்டையாக்கி, அது மேல பலகை அடிச்சு, ஒரு டிவியை மாட்டிப்போட்டேன். ஜன்னல் எந்த அளவோ அதே அளவு. பென்டிரைவுல ஏத்தி வெச்சிருக்கறேன், கடலு, மலை, அருவி, ரயில்ல இருந்து புடிச்சது, எல்லாம். அவ பாத்த ஜன்னல்ல என்ன தெரிஞ்சுது? பஞ்சர் கடை. இதுல காஷ்மீரம் தெரியும். வெயில் வராது, தூசி வராது.

இதா, பைக்குள்ள என்ன வெச்சிருக்கறேன் பாருங்க. ரிமோட்டு. அவ கையிலயே குடுத்துப்போடறதுன்னு எடுத்தாந்துட்டேன். நான் கேக்கவே மாட்டேன். எந்தப் படம் வேணுமோ அவ இஷ்டம். எங்கூட்டு டிவி ரிமோட்டை அவ ஒரு நாளும் தொட்டதில்லை, அந்தப் பழக்கமே இல்லை. இனிமே அவகிட்டயே இருக்கட்டும். இதுக்கு மேல ஒரு புருசன் என்ன பண்ணுவான், நீங்களே சொல்லுங்க. இன்னைக்குச் சாயந்தரம் இதே பஸ்ஸுல ரெண்டு பேரும் திரும்பறோம்.

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, காத்துல கேக்கலை.

திரும்பி வரையில ஜன்னலோரம் யாரு உக்காருவாங்கன்னா கேக்கறீங்க? இதென்ன கேள்வி. நாந்தான். சொன்னேன்ல, எனக்குக் குமட்டும். எப்பவும் நாந்தான். அவ இந்தப் பக்கம், நீங்க உக்காந்திருக்கறீங்கல்ல, அங்க. மடியில பையை வெச்சுக்கிட்டு. பழனிக்குப் போனாலும் அங்கதான், மக ஊட்டுக்குப் போனாலும் அங்கதான். அவளுக்கு ஒண்ணும் பண்ணாது. அவ கேட்டதே இல்லை. ஒரு தடவை கூடக் கேட்டதில்லைங்க. கேட்டாத்தானே குடுக்கறதுக்கு.

என்னமோ நெனைச்சுக்கிட்டுத்தான் கேட்டிருக்கறீங்க. மச்சானும் இப்பிடித்தான், ஒண்ணைக் கேட்டுப்போட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அங்க உக்காந்தா என்னன்றீங்க? அதுவும் சீட்டுத்தான். காசு ஒண்ணுதான். நான் போற எடத்துக்கெல்லாம் அவளும் வந்திருக்கறா. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல ஒரே ரோட்டுலதான் போயிருக்கறோம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாம என்ன?

எந்திரிங்க சித்தே. எந்திரிங்க தம்பி, நீங்க இங்க வாங்க. குமட்டுனாக் குமட்டட்டும். அப்பிடி என்னதான் கொறைஞ்சு போச்சுன்னு நானும் உக்காந்து பாக்கறேன். ம், உக்காருங்க. இந்தாங்க, இந்த ரிமோட்டைச் சித்தே புடிங்க, கம்பியைப் புடிக்கோணும்.

தலையைக் கொஞ்சம் பின்னால சாச்சுக்குங்க தம்பி. இன்னுங் கொஞ்சம். ஒண்ணுமே தெரியலை. உங்க தலைதாங்க தெரியுது.